செய்தி சொல்வோன் கடன்

திருகோணமலையைப் பற்றி இணையத்தில் உலவும் வியப்புச் செய்திகள் பல. அவற்றுள் ஒன்று ஆண்டுக்கு இரண்டு முறையேனும் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி தாவி நம்மிடம் வந்து சேர்கிறது. செயற்கைக்கோளைக் கண்டுபிடித்த விஞ்ஞானி ஆதர் சி. கிளார்க், நம்மூர்க் கடலில் தன்னந்தனியே மூழ்கிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளையும் கண்டுபிடித்தார் என்பதே அச்செய்தி. கிளார்க்கின் படம் ஒன்றும், சுவாமி மலையின் படம் ஒன்றும், இறுதியில் 'தமிழனாயிருந்தால் பகிர்' என்ற ஆணையும் அதனுடன் சேர்ந்தே வரும்.

இச்செய்தியில் உண்மை இல்லாமலில்லை. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் 'வயர்லஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டால், பூமி ஒருமுறை தன்னைத்தான் சுற்றும் நேரத்தில் அதுவும் ஒருமுறை சுற்றிவரும். நிலத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது வானில் அசையாது நிற்பதாகத் தோன்றும். அத்தகைய மூன்று நிலையங்கள் இருப்பின் உலகம் முழுவதற்கும் வானொலி அலைகளை அஞ்சல் செய்யலாம் என்பது அக்கட்டுரையின் சாரம். எனினும் அந்தப் பாதையைப் பற்றிப் பொட்டொச்னிக் என்னும் சுலோவீனியப் பொறியியலாளர் 1928ஆம் ஆண்டளவிலேயே எழுதிவிட்டார். முதற் செயற்கைக்கோளை 1957இல் வானுக்கு ஏவியவர்கள் சோவியத் நாட்டவர். கிளார்க் கண்டது அப்பாதையின் ஒரு பயனை. அதுவே பெரிய காரியம். அதற்குமேல் அவருக்குப் புகழ் தேடிக்கொடுக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

கோணேசர் கடலிலும் அவர் தனித்து மூழ்கவில்லை. 1956ஆம் ஆண்டில் மைக் வில்சன் முதலிய தோழர்களுடன் அவர் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் இறங்கியபோது, போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோயிலின் கற்றூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1950இல், நகரசபையினர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் ஒரு கிணறு வெட்டியபொழுது மண்ணுக்குள்ளிருந்து பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. மண்வெட்டியின் வாய் உலோகத்தில் மோதிய ஓசையை முதலில் கேட்டவன் யார்? 'நகரசபையினர்' என்று எழுதிவிட்டு வரலாறு மேலே செல்கிறது. கூலிக்குக் கிணறு வெட்டியவனின் பெயரை எந்தச் சஞ்சிகையும் கேட்டு எழுதவில்லை. இன்று உலவும் செய்தியிலும் அவனுக்கு இடமில்லை.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கிளார்க் 2008இல் கொழும்பில் காலமாகிவிட்டார். கோணேசருக்கு ஒரு குறையும் வரப்போவதில்லை. கேள்வி நியாயமானதே. ஆனால் அச்செய்தியை எனக்கு அனுப்பிய படித்த நண்பர் ஒருவரிடம் அதிலுள்ள பிழைகளை எடுத்துச் சொன்னபொழுது அவர் தந்த விடை என்னைச் சிந்திக்க வைத்தது. "நானா எழுதினேன்? வந்ததை அனுப்பினேன்" என்றார். இவ்வொரு வாக்கியமே நம் காலத்து ஒழுக்க நூலின் முதற் சூத்திரம் ஆகிவிட்டது எனலாம். இதனை ஆராய்வதே என் நோக்கம்.

வந்ததை அனுப்புபவன் தன்னைத் தூதுவன் என்று கருதிக்கொள்கிறான். தூதுவனைக் கொல்லலாகாது, அவன் சொன்ன சொல்லுக்கு அவனை அனுப்பியவனே பொறுப்பு என்னும் நெறி நம்மிடம் பழையது. எனினும் அந்தக் காப்பு தூதுவனுக்குச் சும்மா கிடைத்ததன்று. அவனை அனுப்பியவன் யார் என்பது கேட்பவனுக்குத் தெரியும். எவரிடம் சொல்ல வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். சொன்ன பின்னர் அவன் அவ்விடத்தே நின்று எதிர்மொழி கேட்டுத் திரும்ப வேண்டும். நம் கிராமங்களில் சாவையும் வெள்ளத்தையும் திருவிழாவையும் பறையறைந்து சொன்ன மனிதனையும் எண்ணிப் பாருங்கள். சாதியின் பெயரால் அவனைத் திண்ணையில் ஏறவிடாத ஊர், அவன் சொல்லை மட்டும் நம்பியது. ஏனெனில் அவன் இன்னான் என்று ஊருக்குத் தெரியும். பொய் சொல்லிவிட்டு அவன் ஒளிந்துகொள்ள இடமில்லை. கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தி இருநூறு பேருக்குச் செய்தி சேர்ப்பவனோ தன்னிடம் அனுப்பியவனுக்கு அனுப்பியவனை அறியான். இருநூறு பேரும் அதை எங்கெங்கு கொண்டுசெல்வர் என்பதையும் அறியான். எதிர்மொழி கேட்க ஒரு கணமும் நில்லான். தூதுவனின் காப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தூதுவனின் கடமைகளைக் கழற்றி எறிந்தவன் அவன்.

இக்கேடு கருவியோடு பிறந்தது என்று சொல்ல நான் முன்வரேன். கருவியை வைது மனிதனை விடுவிப்பது சோம்பலான சிந்தனை. 1915ஆம் ஆண்டு இலங்கையில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலகம் மூண்டபோது வதந்தி கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றது. 1983ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, 'புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டனர்' என்று ஒரு பேச்சுப் பரவியது. புலி எதுவும் வரவில்லை. ஆனால் நான்கைந்து நாட்களாக எரிந்து சற்றே அடங்கியிருந்த நகரத்தில் மீண்டும் தமிழர்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டனர். அன்று யாருடைய சட்டைப் பையிலும் கைத்தொலைபேசி இல்லை. வாயிலிருந்து செவிக்கும் செவியிலிருந்து வாய்க்கும் சென்ற சொல் அது. அதைக் கைமாற்றிய ஒவ்வொருவரும் 'கேட்டதைச் சொன்னேன்' என்றுதான் பின்னாளில் தம் மனச்சாட்சிக்குக் கூறியிருப்பர்.

கருவி செய்தது யாதெனில், அந்தச் சொல்லுக்குச் சிறகு கொடுத்ததோடு படத்தையும் கொடுத்தது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உண்ணவந்த ஒருவர் தம் உணவில் ஏதோ ஒரு கட்டியைக் கண்டார். அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. அங்கிருந்தவரை மறித்து, 'மருந்து போட்டாயா?' என்று சிங்களத்தில் வினவினர். தமிழ் பேசும் அம்மனிதருக்குச் சிங்களம் செவ்வையாகத் தெரியாது. சுற்றி நின்ற கூட்டத்தின் அச்சத்தில் அவர் தலையசைத்தார். அத்தலையசைப்பைப் படம்பிடித்து முகநூலில் ஏற்றினர். உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் சோதனையில் அந்தக் கட்டி வெறும் மாவுப் பொருள் என்று பின்னர் தெரிந்தது. உண்டவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவ உலகில் இல்லை. இவையெல்லாம் தெரியவருமுன்பே, மார்ச் மாத முதல் வாரத்தில், வேறொரு சாவைக் காரணமாக்கிக் கண்டிப் பக்கத்தில் திகனையும் தெல்தெனியாவும் எரிந்தன. அம்பாறைப் படம் அங்கும் சென்று எண்ணெய் ஊற்றியது.

ஒரு மொழி தெரியாதவன் அசைத்த தலை! இத்தீவின் நூறு வருட அரசியலை அதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதிவிட முடியாது.

அடுத்த ஆண்டு அதே பொய் குருநாகலில் ஒரு மருத்துவர் மேல் ஏறியது. ஆயிரக்கணக்கான தாய்மாரை அவர் மலடாக்கினார் என்று இம்முறை அச்சிட்ட நாளிதழே தலைப்பிட்டது. குற்றச்சாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை. அவர் பின்னர் பணிக்கு மீண்டார். தொலைபேசித் திரையில் பிறந்த பொய் காகிதத்தில் அச்சாவதும், காகிதத்தில் அச்சான பொய் படமாகித் திரும்பத் திரையில் உலவுவதும் இன்று ஒரே வட்டம். கிழக்கிலே வாழும் தமிழர் நாம் இதைச் சிங்களவர் மட்டும் செய்யும் குற்றம் என்று சொல்லித் தப்பிக்கொள்ளவும் இயலாது. மூவினத்தவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் மாவட்டம் நம்முடையது. அயலூர்க் கடை முதலாளியைப் பற்றியும், அயலூர்ப் பள்ளிவாசலைப் பற்றியும், நம் திருமண மண்டபக் குழுக்களிலும் கோயிற் குழுக்களிலும் உலவும் செய்திகளை நாம் எத்தனை முறை சோதித்தோம்? 1983ஆம் ஆண்டு வெள்ளிக்கிழமையின் பலியாடுகள் நாம் என்பது, மற்றவனைப் பற்றிய பொய்யைக் கைமாற்ற நமக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு ஆகாது.

கைமாற்றுபவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் அரை நீதியே. முகநூலும் வட்ஸ்அப்பும் ஒரே நிறுவனத்தின் உடைமைகள். முகநூலிலே மக்கள் எவ்வளவு நேரம் கண் எடுக்காமல் இருக்கின்றனரோ, அவ்வளவுக்கு அந்நிறுவனத்துக்கு விளம்பர வருவாய். கோபமும் அச்சமும் கண்ணை நிறுத்திவைப்பன. ஆதலின் கோபமும் அச்சமும் ஊட்டும் செய்தியைப் பொறி தானே தேடி முன்னுக்குத் தள்ளுகிறது. சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்படும் வெறுப்பைப் படித்து நீக்கப் போதிய ஆட்களை அந்நிறுவனம் அமர்த்தவில்லை என்று இலங்கைச் சமூக அமைப்புகள் 2018ஆம் ஆண்டிலேயே பகிரங்கமாக எழுதின. 2018ஆம் ஆண்டின் வன்முறையில் தன் மேடைக்கிருந்த பங்குக்காக நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020ஆம் ஆண்டு மே மாதத்தில். கடையெரிந்தவனுக்கு அவ்வருத்தத்தால் ஒரு சதமும் கிடைத்ததாக நான் அறியேன். ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்துக்கு மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பவியலாது என்ற கட்டுப்பாட்டை வட்ஸ்அப் 2018இல் இந்தியாவிலும் 2019இல் உலகெங்கும் கொண்டுவந்தது. பிள்ளை கடத்துவோர் என்ற வதந்தியால் இந்தியக் கிராமங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பின்னரே அந்த அறிவு பிறந்தது. பூட்டு முன்பே செய்யக்கூடியதாகத்தான் இருந்தது.

இதுவரை சொன்னதிலிருந்து ஒரு முடிவு எளிதாகத் தோன்றும். உறுதியாகத் தெரியாத எதையும் சொல்லாதே, கேட்டவுடன் கைமாற்றாதே, வாயைக் கட்டு. பள்ளிக்கூடங்களில் நாமும் இதைத்தான் போதிக்கிறோம். வள்ளுவர் 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்து அதை அறத்துப்பாலில் வைத்தது நமக்கு வாய்ப்பாகிவிட்டது. ஆனால் இந்த முடிவில் நான் நின்றுவிட முடியாது. திருகோணமலைக் கரையில் வாழ்பவன் எவனும் நிற்க முடியாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி நம் கண்முன் நிற்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை. காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்து மேலெழுந்தது. கால் மணி நேரத்துக்குள் ஹவாயில் உள்ள பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்ததை அறிந்து அறிக்கை விடுத்தது. அது பசிபிக் நாடுகளுக்கான அறிக்கை. இந்து சமுத்திரத்து நாடுகளுக்கென்று எச்சரிக்கை ஏற்பாடே அப்போது இருக்கவில்லை. பின்னர் ஆபத்தின் அளவு புலப்பட்டபோது, இப்பக்கத்தில் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்ற பட்டியல் கூட அவர்களிடம் இல்லை. கண்டிக்கு அருகே பல்லேகலையில் இருந்த நில அதிர்வுமானியிலும் அதிர்வு பதிந்தது. அந்தப் பதிவும் கரையில் நின்ற எவருக்கும் எச்சரிக்கை ஆகவில்லை. கிளார்க் 1945இல் கற்பனை செய்த அஞ்சல் நிலையங்கள் அன்று டசின் கணக்கில் நம் தலைக்கு மேலே வானில் நின்றன. உலகத்தின் ஒரு மூலையில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தை மறு மூலையில் அக்கணமே காட்ட வல்லவை அவை. அலை நம் கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அவ்விரண்டு மணி நேரத்தில் நிலாவெளியில், திருகோணமலை நகரில், கிண்ணியாவில், மூதூரில், இலங்கைத்துறையில், வெருகலில், எந்த ஒரு வீட்டுக் கதவையும் யாரும் தட்டவில்லை. கிண்ணியாவில் ஆசுபத்திரியையே அலை அழித்தது. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இதிலும் கொடிது ஒன்றுண்டு. அலை முதலில் அடித்தது கிழக்குக் கரையை. தென்மேற்கில் பெரலிய என்னும் இடத்தில், கொழும்பிலிருந்து மாத்தறைக்குச் சென்றுகொண்டிருந்த ரயிலை அது கவிழ்த்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றபோது, கிழக்கில் அது அடித்து அரை மணி நேரத்துக்கு மேல் கழிந்துவிட்டது. கிழக்கில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்ற செய்தி இச்சிறு தீவைக் குறுக்கே கடந்து உரியவரிடம் சேரவில்லை. போரில் பல ஆண்டுகளாகக் கிழக்கிலிருந்து வந்த எந்தக் கூக்குரலும் தெற்கின் செவியில் விழாது பழகிப்போயிருந்தது. அன்று காலை அறுந்திருந்தது தொலைபேசிக் கம்பி மட்டுமா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

அதே காலையில் புதுச்சேரிக்கு அருகேயுள்ள நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் நடந்ததைக் கேளுங்கள். அவ்வூர் மீனவர் ஒருவரின் மகன் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். நிலநடுக்கத்தைப் பற்றிய செய்தியை அங்கே கேட்டு, வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். கடல் உள்ளே வருகிறது என்று வீட்டார் சொன்னவுடன், எல்லோரையும் வெளியேற்றுங்கள் என்று அவர் கதறினார். ஊரிலே எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அமைத்த ஓர் அறிவு மையம் இருந்தது. அலையின் உயரம், காற்றின் வேகம் முதலியன பற்றிய முன்னறிவிப்புகளை இணையத்திலிருந்து எடுத்து, கடலுக்குப் போவோருக்கு ஒலிபெருக்கியில் சொல்வது அத்தகைய மையங்களின் அன்றாட வேலை. இளைஞர்கள் அதன் கதவை உடைத்து உள்ளே புகுந்து, அந்த ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் மேட்டுக்கு ஓடினர், உயிர்கள் தப்பின. படகுகளும் வீடுகளும் போயின.

அந்தச் சிங்கப்பூர் இளைஞருக்கு அப்போது எது உறுதியாகத் தெரியும்? ஆழிப்பேரலை நல்லவாட்டுக்கு வரும் என்று எந்த வானிலை அதிகாரியும் அவரிடம் கூறவில்லை. 'உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சொல்' என்ற நம் பள்ளிக்கூட விதியை அவர் கைக்கொண்டிருந்தால், அக்கிராமம் அன்று மயானமாகியிருக்கும். அம்பாறையில் சோதிக்காமல் பரப்பியவர்கள் தீயை வைத்தார்கள். நல்லவாட்டில் சோதிக்காமல் பரப்பியவர்கள் உயிரைக் காத்தார்கள். அப்படியாயின் அறம் எங்கே இருக்கிறது? வெறும் அதிர்ஷ்டத்திலா?

அன்று. இவ்விரு செயல்களையும் பிரிக்கும் கோடு ஒன்றுண்டு என்று நான் கருதுகிறேன். 'இது உண்மையா?' என்ற வினாவோடு 'இது பொய்யாயின், அப்பொய்யின் சுமை யார் தலையில் விழும்?' என்ற வினாவையும் சேர்த்துக் கேட்டால் அக்கோடு தென்படும். அலை வருகிறது என்ற சொல் பொய்த்துப் போயிருந்தால், நல்லவாட்டார் மேட்டில் சற்று நேரம் நின்றுவிட்டு, அழைத்தவரைத் திட்டிக்கொண்டே வீடு திரும்பியிருப்பர். சுமை சொன்னவர் மேலும் கேட்டவர் மேலுமே விழுந்திருக்கும். அம்பாறையில் சொல் பொய்யானபோது, சொன்னவனுக்கும் கேட்டவனுக்கும் ஒரு கீறலும் இல்லை. அச்சொல்லில் பேசப்பட்ட மூன்றாமவனின் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அவன் அக்குழுவில் உறுப்பினன் கூட அல்லன். மறுத்துச் சொல்ல அவனுக்கு அங்கே வாயில்லை. ஆகவே, இல்லாத ஒருவன்மேல் சுமையேற்றும் செய்திக்குச் சான்று கேட்பதில் நாம் கல்நெஞ்சராக இருக்க வேண்டும். சுமை நம்மீதே விழும் எச்சரிக்கைக்கு அத்தனை சான்று தேவையில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. புலி வருகிறது, புலி வருகிறது என்று பலமுறை கூவியவனை உண்மையில் புலி வந்தபோது யாரும் நம்பவில்லை என்ற கதையை நாம் அறிவோம். 2004க்குப் பின்னர் கடல் வருகிறது என்று யாரோ கத்த, பெண்களும் முதியவர்களும் விழுந்தடித்து ஓடிய இரவுகள் நம் கரையூர்களில் பல. பொய் எச்சரிக்கையும் விலை உடையதே. ஊரின் நம்பிக்கை சிறிது சிறிதாகத் தேய்கிறது. ஒத்துக்கொள்கிறேன். அதனாலேதான் தூதுவனின் பழைய கடமைகளை மீண்டும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து அழைத்தவர் வீட்டாருக்குத் தெரிந்த குரல்; பின்னர் அவரைக் கேள்வி கேட்கலாம். தன் பெயரையும், எப்போது, எங்கிருந்து அறிந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லாத எச்சரிக்கையை எச்சரிக்கை என்று நான் கொள்ளேன்.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகலில் சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடியும் பெரிய நிலநடுக்கம், அளவு 8.6. இம்முறை எச்சரிக்கை வந்தது. நம் கரையோர மக்கள் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். கடலடித் தட்டுகள் மேலெழாமல் பக்கவாட்டில் வழுக்கியதால் பேரலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கை நீக்கப்பட்டது. வீண் அலைச்சல் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவ்வாறு முணுமுணுப்பதற்கு உயிரோடு இருந்தார்களே என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்கிறேன்.

அன்றாட வாழ்வின் சிறு செய்திகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்துவதைக் காணலாம். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'இன்ன நிரப்பு நிலையத்துக்குப் பவுசர் வருகிறதாம்' என்று ஒரு செய்தி வரும். மோட்டார் வாகனம் உள்ளவன் அதைப் படித்துவிட்டு இன்னும் பத்துப் பேருக்குத் தட்டிவிடுவான். முச்சக்கர வண்டிக்காரன் கடைசித் துளிப் பெற்றோலும் தீர்ந்த வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, இரவு முழுவதும் வரிசையில் கிடந்து, விடியும்போது வெறுங்கையோடு திரும்புவான். மண்ணெண்ணெய் இல்லாத மீனவனின் தோணி கரையில் கிடக்கும். ஒரே பொய், அதன் விலையோ ஒருவனுக்குப் பொழுதுபோக்கு, மற்றவனுக்கு ஒரு நாட்கூலி. 'சுவையான செய்தி' என்ற சொற்றொடரில் உள்ள வர்க்க பேதம் இதுவே. நீரிழிவுக்கு இன்ன இலைச்சாறு போதும், ஊசி வேண்டாம் என்ற செய்தியும் அத்தகையதே. வசதியுள்ளவன் அதைப் பகிர்ந்துவிட்டுத் தன் மருத்துவரிடமே போவான். கிளினிக்குக்குப் போக பஸ் காசு தேடுபவன் இலையை நம்புவான்.

அரசின் வைத்தியம் வேறு விதமானது. 2018 மார்ச்சில் ஒரு வாரத்துக்கு மேலும், 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் ஆட்சியாளருக்கு எதிராக எழுந்தபோது சில மணி நேரமும், சமூக ஊடகங்களை அது அடைத்தது. தீ வைத்தவனுக்கும், தீ பரவுகிறது என்று கூவியவனுக்கும், அச்செய்தி பொய் என்று மறுத்தவனுக்கும் ஒரே பூட்டு. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையில் வைத்தது. பொய் பரப்புவோனிடம் எனக்கு இரக்கம் இல்லை. ஆனால் பொய் எது என்று சொல்லும் உரிமையை ஆட்சியில் இருப்போரிடம் ஒப்படைக்க, இந்நாட்டில் எந்தச் சிறுபான்மையினனும் மனமொப்ப மாட்டான். மேலும், உண்மையைச் சொல்ல வேண்டிய வேளையில் சொல்லாமல் இருந்ததற்கு எந்தச் சட்டம் யாரைத் தண்டித்தது? 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. 2025 நவம்பரில் 'டித்வா' புயல் கிழக்கில் ஏறி நாட்டைப் புரட்டியபோதும், அபாய அறிவித்தல்கள் தமிழில் உரிய வேளைக்குக் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. அரசன் வாய் திறவாத இடத்தில் வதந்தி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

என் மாணவர்களிடம் இவ்வளவையும் நான் விரிவுரையாகச் சொல்வதில்லை. வரும் செய்தி ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, 'இது பொய்யாயின் யாருக்கு நட்டம்?' என்று மட்டும் கேட்பதுண்டு. சென்ற தவணையில் ஒரு மாணவி எழுந்து, "ரத்தம் வேணும் எண்டு ஒரு மெசேஜ் வந்திருக்கு, சேர். ஓ நெகட்டிவ். நம்பர் இருக்கு, திகதி இல்லை. அனுப்பலாமா?" என்று கேட்டாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. உயிர்க் காரியம், உடனே அனுப்ப வேண்டும் என்றனர் சிலர். பழைய செய்தியாயிருந்தால் அந்த எண்ணுக்குரியவர் தூங்க முடியாது என்றனர் வேறு சிலர். அந்த எண்ணுக்கே எடுத்துக் கேட்டால் என்ன என்று பின்வரிசைப் பையன் ஒருவன் சொன்னான். அதுவரை அந்த எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை.

பாடசாலை விட்ட பின்னர் நானே அழைத்தேன். மறுமுனையில் ஒரு முதியவர். செய்தி மூன்று வருடத்துக்கு முந்தியது. ரத்தம் அப்பொழுதே கிடைத்துவிட்டதாம். மகள் நலமாக இருக்கிறாளாம். மாதத்துக்கு நாலைந்து பேர் இன்னும் எடுக்கிறார்கள் தம்பி, எண்ணை மாற்றச் சொல்லிப் பிள்ளைகள் சொல்கிறார்கள், ஆனால் உதவ வேண்டும் என்று எடுப்பவர்களிடம் எப்படி வைத்துவிடுவது என்று அவர் கூறினார். மறுநாள் அதை வகுப்பில் சொன்னபொழுது, அம்மாணவி தன் தொலைபேசியை எடுத்து, தனக்கு அதை அனுப்பியவருக்கு விவரம் எழுதினாள். மாலையில் அதே செய்தி வேறொரு குழுவிலிருந்து அவளுக்கு மீண்டும் வந்தது.